பலகையில் இருந்த புல்லர்

பேரிங்கைச் சுத்தியலால் அடித்துக் கழற்றக் கூடாது. இதைப் பதினாறு வருடமாக வாய் வலிக்கச் சொல்லிவருகிறவன் நான். அன்றைக்கு அடிக்கச் சொன்னவனும் நான்தான். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்று ஒரு பழமொழி உண்டு. அதை எனக்காகவே யாரோ முன்கூட்டிச் செய்துவைத்திருக்கிறார்கள்.

என் பெயர் பூவராகன். மறைமலை நகரில் கார் உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபோர்மேன். கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது. காலை ஆறேகாலுக்குச் சேலையூர் கேம்ப் ரோட்டில் கம்பெனி பஸ் ஏறுவேன். தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் ஊர்ந்து ஏழரைக்குள் கேட்டுக்குள் போய்விடும். இருபத்தேழு வருடமாக இந்தப் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போய்த் தூங்கிக்கொண்டே வந்திருக்கிறேன். இப்போது ஆறு மாதமாகத் தூக்கம் வருவதில்லை.

பேரிங் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சுழல்கிற தண்டைத் தாங்கிப் பிடிக்கிற இரட்டை வளையம் அது. உள் வளையம், வெளி வளையம், நடுவில் குண்டுகள். சாதாரண இரும்பை அடித்தால் நசுங்கும், வளையும். பேரிங் இரும்பு அப்படியில்லை. அது கெட்டி. கெட்டியாக இருப்பதால் அதற்கு வளையத் தெரியாது, தெறிக்கத்தான் தெரியும். அரிசி நொய் அளவுக்கு ஒரு சில்லு தெறித்தால் போதும், சட்டையைக் கிழித்துக்கொண்டு தோலுக்குள் இறங்கிவிடும். அதனால்தான் புல்லர் என்று ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். மூன்று கால், நடுவில் ஒரு நீளத் திருகு. கால்களைப் பேரிங்கின் பின்பக்கம் மாட்டி, திருகைத் தண்டின் முனையில் முட்டக் கொடுத்து மெல்லத் திருப்பினால் சத்தம் போடாமல் கழன்று வரும். சின்னக் குழந்தைக்குச் சட்டை கழற்றுவதுபோலப் பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை. இதையெல்லாம் புதிதாக வருகிற ஒவ்வொரு பேட்ச் ஆட்களுக்கும் நான்தான் பாடம் எடுக்கிறேன்.

எங்கள் டிபார்ட்மெண்டில் அருமையான புல்லர் ஒன்று இருக்கிறது. அது தொங்குவது ஒரு மஞ்சள் பலகையில். இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் மேனேஜர் சக்திவேல் சார் அந்தப் பலகையைச் செய்யச் சொன்னார். ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஆணி. ஆணிக்குப் பின்னால் அந்தக் கருவியின் உருவத்தைச் சிவப்புப் பெயிண்டில் வரைந்திருக்கும். கருவி இருந்தால் சிவப்பு மறைந்திருக்கும். யாராவது எடுத்துக்கொண்டு போனால் சிவப்பு பல்லிளிக்கும். எது காணாமல் போனது என்று தூரத்திலிருந்தே தெரியும். நல்ல யோசனைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆடிட்டுக்கு வருகிறவர்கள் தெரிகிற ஒவ்வொரு சிவப்புக்கும் மார்க்கைக் குறைத்தார்கள். இரண்டு ஆடிட் முடிந்ததும் எங்களுக்குப் புத்தி வந்துவிட்டது. ஆடிட் நாளில் பலகையில் யாரும் கை வைப்பதில்லை. பெஞ்சுக்கு அடியில் ஒரு பழைய தகரப் பெட்டி வைத்துக்கொண்டோம். சுத்தியல், உளி, பல் தேய்ந்த ஸ்பேனர்கள் அதற்குள். வேலை தகரப் பெட்டியில், மரியாதை மஞ்சள் பலகையில் என்று நாங்களே கேலி பேசிச் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன்.

தேவானந்தம் என்கிட்ட வேலைக்கு வந்து நாலு வருடம். கோவளம் பக்கம் மீனவக் குடும்பம். அவன் அப்பாவோடு கடலுக்குப் போனவன், பிறகு படகில் பங்கும் இல்லை, வலையும் இல்லை என்று ஆகிப் பெருங்களத்தூரில் வாடகைக்கு வந்துவிட்டான். அவன் மனைவி ரமா கேம்ப் ரோடு முனையில் மீன் விற்றாள். என் வீட்டுக்கு ஏழு வருடம் அவளிடம்தான் மீன். சங்கரா வந்தால் தனியாக எடுத்து ஐஸுக்கு அடியில் வைத்திருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மீனை அரிந்துகொண்டே, அவருக்கு ஒங்க கம்பெனில ஒரு வேலை பாருங்கண்ணா என்றாள். கான்ட்ராக்டரிடம் சொல்லிச் சேர்த்துவிட்டேன். முப்பத்தொன்பது வயதில் பிட்டர் வேலை கற்றுக்கொள்வது லேசில்லை. அவன் கற்றுக்கொண்டான். கை சுத்தம், பேச்சு குறைவு. மோட்டாரில் காதை வைத்தே எந்தப் பக்கத்துப் பேரிங் போயிருக்கிறது என்று சொல்லுவான்.

போன ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை. பதினோரு மணிக்குக் கஸ்டமர் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு வருகிறார்கள். எட்டேகாலுக்கு வாஷிங் லைனில் காற்றடிக்கிற ப்ளோயர் ஊளையிட ஆரம்பித்தது. ப்ளோயர் நின்றால் கழுவின பாகம் காயாது, காயாவிட்டால் லைன் நிற்கும். வருகிறவர்கள் நின்ற லைனைப் பார்க்கக் கூடாது. மோட்டாரை இறக்கிப் பிரித்தோம். பேரிங் சூடேறித் தண்டோடு கவ்விக்கொண்டிருந்தது. சக்திவேல் சார் வந்து நின்றார். நான் புல்லர் எடுக்கலாமா என்று கேட்டேன். கேட்டேன் என்பதை இங்கே அழுத்திச் சொல்லிக்கொள்கிறேன், ஏனென்றால் எனக்கென்று மிச்சமிருப்பது அது ஒன்றுதான். அவர் பலகையைத் திரும்பிப் பார்த்தார்.

“இன்னிக்கு மட்டும் வேணாம் பூவராகன். செவப்பு தெரியக் கூடாது. அவங்க எர்லியா வந்தாலும் வந்துடுவாங்க. எப்படியாவது பண்ணிடுங்க.”

அவர் அடி என்று சொல்லவில்லை. ‘எப்படியாவது’ என்றார். மேலே இருப்பவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். அதை ‘அடி’ என்று புரிந்துகொண்டு கீழே இருப்பவனிடம் சொல்வதுதான் என் உத்தியோகம்.

அவர் போன பிறகு தேவானந்தம் நிமிர்ந்து பலகையைப் பார்த்தான். எங்களுக்கும் அதற்கும் நடுவே எட்டு அடி இருக்கும்.

“புல்லர எட்த்தாரட்டாண்ணா?”

“வேணாம். உளிய வச்சி அடி. மேல கோணியப் போட்டுக்கோ.”

அவன் கோணியைப் போட்டான். நாலு அடிக்குள் கோணி நழுவிவிட்டது. கண்ணாடி போட்டிருந்தான். ஆனால் அந்தக் கண்ணாடி ஒரு வருடத்துப் பழசு, கீறல் விழுந்து புகைபோல இருக்கும், அதைப் போட்டுக்கொண்டு உளியின் முனை எங்கே உட்காருகிறது என்று பார்க்கவே முடியாது. அதனால் நெற்றிக்கு ஏற்றிக்கொண்டான். நான் பார்த்தேன். போடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது.

அவன் சுத்தியலை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு வலது கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். எதோ பட்ச்சிண்ணா என்றான். விரலிடுக்கில் ரத்தம் கொஞ்சம்தான் வந்தது.

கம்பெனி ஆம்புலன்ஸை எடுக்கவில்லை. சைரன் போட்டுக்கொண்டு முன்கேட்டில் போனால் நன்றாக இருக்காதாம். ஒரு காரில் ஏற்றிப் பின்கேட் வழியாக அனுப்பினார்கள். அவனை ஏற்றிவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா. திரும்பி வந்து மிச்சத்தைக் கழற்றினேன். புது பேரிங்கைச் சூடாக்கி ஏற்றினேன். பத்து ஐம்பதுக்கு ப்ளோயர் ஓடியது. பதினொன்றரைக்கு வந்தவர்கள் மஞ்சள் பலகைக்கு முன்னால் நின்று, ஒரு கருவிகூட இடம் மாறவில்லையே என்று பாராட்டி, செல்போனில் படம் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் படத்தில் புல்லர் பளபளவென்று இருக்கிறது.

மூன்றாம் நாள் வலது கண்ணுக்கு இனிப் பார்வை வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது ரமா வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. காபி குட்ச்சீங்களாண்ணா என்றாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னேன்.

அடுத்த வாரம் விசாரணை. நடத்தியவர் எச்.ஆர். வேதாசலம் சார். ஏ.சி. அறையில் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து நடந்ததை எழுதச் சொன்னார். எழுதினேன். புல்லர் பலகையில் இருந்தது, தேவானந்தம் எடுக்கட்டுமா என்று கேட்டான், நான் வேண்டாம் என்றேன், பலகையில் சிவப்பு தெரியக் கூடாது என்று மேனேஜர் சொல்லியிருந்தார், எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். ஐம்பத்திரண்டு வயதில் ஒருவன் முதல்முறையாகப் பயப்படாமல் உண்மை சொன்னால் ஒரு திமிர் வருமே, அந்தத் திமிரில் நாலு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். என்மேல் மெமோ வரும் என்று யூனியனில் சொன்னார்கள். வரட்டும் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை தேவானந்தம் என் வீட்டுக்கு வந்தான். கண்ணில் வெள்ளைக் கட்டு. தனியாக வந்திருந்தான். பெருங்களத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்தேன், படியில் கால் வைக்கிற இடம் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிச் சிரித்தான். பிறகு விஷயத்துக்கு வந்தான். வேதாசலம் சார் அவனைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். இரண்டு பேர் எழுதியதும் ஒன்றாக இருந்தால் விஷயத்தை உள்ளேயே முடித்துக்கொள்ளலாம், ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று காலியாக இருக்கிறது, அவனை அதில் கம்பெனி ஆளாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார். ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் வெளியே போகும், கேஸ் ஆகும், வருடக்கணக்காக இழுக்கும், அதற்குள் கான்ட்ராக்டர் கை கழுவிவிடுவார்.

“நான் எய்திக் குட்த்துட்டேண்ணா. நீங்க புல்லர எடுக்கச் சொன்னீங்கோ, நான்தான் சோம்பேறித்தனமா அட்ச்சேன்னு. நீங்களும் அத்தயே எய்திக் குட்த்துடுங்கோ.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உன்னை ஏமாற்றுகிறார்கள், உன் கையாலேயே உன் கண்ணில் குத்தவைக்கிறார்கள் என்று கத்தினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். நான் முடித்த பிறகுதான் பேசினான்.

“ஒத்தக் கண்ண வச்சிகினு எந்தக் கோர்ட்டு படிண்ணா ஏறுவேன்? ஸ்டோர்ல குந்திகினு நட்டு போல்ட்ட எண்றதுக்கு ஒரு கண்ணு போதும்.”

ரமாவுக்கு இது தெரியக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டான். எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே, தாம்பரத்தில் வக்கீலைப் பார்க்கலாம் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். மீன் வாங்க வருகிற எல்லாரிடமும், என் வூட்டுக்காரர் மேல தப்பில்ல என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.

இதை வெளியே சொல்லக் கூசுகிறது, இருந்தாலும் சொல்கிறேன். அவன் அப்படிக் கேட்டபோது எனக்கு முதலில் வந்தது கோபமில்லை. நிம்மதி. மெமோ வராது, ஃபோர்மேன் நாற்காலி போகாது என்ற நிம்மதி. கோபம் அதற்கு அப்புறம் வந்தது, நிம்மதியை மூடி மறைப்பதற்கு. நான் போட்ட கூச்சலெல்லாம் அதற்குத்தான். அவனுக்காகத்தான் செய்கிறேன் என்று எனக்கு நானே பத்து தடவை சொல்லிக்கொண்டு திங்கட்கிழமை வேதாசலம் சாரிடம் போய் வேறு தாள் கேட்டேன். அவர் காரணம் கேட்கவில்லை, பேனாவும் அவரே கொடுத்தார். முதல் தாள் எங்கே போனது என்று நானும் கேட்கவில்லை.

ஆறு வாரம் கழித்துத் தேவானந்தத்துக்குக் கான்ட்ராக்டரிடமிருந்து கடிதம் வந்தது. ஃபோர்மேன் சொன்னதை மீறிப் பாதுகாப்பு விதியை அவன் உடைத்தது அவனுடைய வாக்குமூலத்தாலும் ஃபோர்மேனின் வாக்குமூலத்தாலும் நிரூபணமாகிவிட்டதால் இனி அவனை வேலையில் வைத்துக்கொள்ள முடியாதாம். ஸ்டோர் வேலை என்ன ஆயிற்று என்று ஓடிப்போய்க் கேட்டேன். வேதாசலம் சார் உண்மையிலேயே வருத்தப்படுகிற முகத்தோடு, நாங்க ட்ரை பண்ணோம், பாதுகாப்பு விதியை மீறினவரை உள்ளே விட ஹெட் ஆஃபீஸ் ஒப்புக்கொள்ளவில்லை என்றார். மனிதாபிமான அடிப்படையில் அவன் மனைவிக்குப் பேக்கிங்கில் கான்ட்ராக்ட் வேலை தருகிறார்களாம். சக்திவேல் சாரிடம் போனேன். நான் என்ன பண்றது பூவராகன், நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே என்றார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். முதலில் ஒன்று எழுதி, பிறகு வேறொன்று எழுதினவன் மூன்றாவதாக வந்து சொன்னால் எவன் நம்புவான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த மாதமே எல்லாருக்கும் புதுக் கண்ணாடி கொடுத்தார்கள், நல்ல தரம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். எங்கள் கம்பெனியில் ஒருவன் கண் கெட்டது, மற்ற எல்லாரும் நமஸ்காரம் செய்தோம்.

என் பாடத்திலும் ஒரு படத்தைச் சேர்த்தார்கள். ஒரு பக்கம் பெரிதாக்கிய சில்லு, இன்னொரு பக்கம் மஞ்சள் பலகையில் பளபளக்கிற புல்லர். கீழே மூன்று வரி. ‘கருவி இருந்தது. பயன்படுத்தச் சொல்லப்பட்டது. தொழிலாளி கேட்கவில்லை.’ வேதாசலம் சார் எழுதிய வாசகம். புதிதாக எந்த வேலைக்கு வந்தாலும், பேக்கிங்காக இருந்தாலும் கூட்டிப் பெருக்குவதாக இருந்தாலும், முதல் நாள் என் வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாக வேண்டும். பதினோரு வகுப்பில் அந்த மூன்று வரியைச் சத்தமாகப் படித்தேன். முதல் தடவை அவசரமாகப் படித்துத் தாண்டினேன். பிறகு பழகிவிட்டது.

பன்னிரண்டாவது வகுப்பு ஜனவரியில், பொங்கல் கழிந்த வாரம். பதினாறு பேர். இரண்டாவது வரிசையில் ரமா உட்கார்ந்திருந்தாள். கம்பெனி கொடுத்த நீலக் கோட்டு தோளுக்குக் கீழே இறங்கிக் கிடந்தது. கேம்ப் ரோட்டில் மீன் கடை போட்ட இடத்தில் இப்போது வேறு யாரோ உட்காருகிறார்கள் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள், அதோடு விட்டுவிட்டேன். அவள் என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தாள். நான் கம்ப்யூட்டரைச் சரிசெய்கிறவன்போலக் குனிந்துகொண்டேன்.

அந்தப் படத்தைத் தாண்டிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். கடைசி வரிசையில் வேதாசலம் சார் கையில் தாளோடு உட்கார்ந்து ஒவ்வொரு படத்துக்கும் டிக் போட்டுக்கொண்டிருந்தார். படம் வந்தது. மூன்று வரியையும் படித்தேன். பழக்கமாக, யாருக்காவது சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றும் சொன்னேன். இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ரமா எழுந்து நின்றாள்.

“ஒண்ணு கேக்கணும் சார்.”

ஏழு வருடம் அண்ணா என்று கூப்பிட்டவள்.

“புல்லர எட்த்தாரட்டான்னு அவரு ஒங்கள கேட்டாராம். நீங்கதான் வேணாம், அடின்னு சொன்னீங்களாம். கம்பெனில மெரட்டி எய்தி வாங்கிகினாங்கோன்னு வூட்ல சொல்லிகினு கீறாரு. எங்க ஆளுங்க அல்லாரும் இவருதான் கண்ண தொலச்சிகினாருன்னு பேசறாங்கோ, நான் ஒருத்திதான் அவரு சொல்றத நம்பிகினு கீறேன். இங்க வேற மாதிரி போட்டுக்கீது. நீங்க சொல்லுங்க சார், எது நெசம்?”

சண்டைக்கு நிற்கிற முகம் இல்லை அது. தெரிந்துகொள்ள வந்தவள். மீனைத் திருப்பிச் செவுளைப் பார்க்கச் சொல்கிறவள்போல என்னை நேராகப் பார்த்தாள். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் வேலை திரும்பி வராது, கண் வராது. ஆனால் சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய் அவன் பக்கத்தில் உட்காருகிறபோது நான் நம்பினது சரிதான் என்று சொல்லுவாள். அவனுக்கு மிச்சம் இருந்தது அவ்வளவுதான். பின்னால் வேதாசலம் சார் டிக் போடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

“புல்லர எடுக்கச் சொன்னேம்மா,” என்றேன். “அவர்தான் கேக்கல.”

அவள் கோட்டுக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“அப்போ இத்தினி மாசமா எங்கிட்ட பொய் சொல்லிகினு இர்ந்துக்கீறாரு,” என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறதுபோலச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

வேதாசலம் சார் மேலே போகச் சொல்லிக் கையைக் காட்டினார். அடுத்த படம் பேரிங்கைச் சூடாக்கி ஏற்றும் முறை. நூற்றுப் பத்து டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று படித்தேன்.